மண்ணுக்கு ஊற்றிய உறை

வாளித் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றியும் கிழங்கு வெளுக்கவில்லை. சார்ஷென் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து, துணி துவைக்கிற பிரஷால் உருளைக்கிழங்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாசலில் உஸ்பெக் வியாபாரியின் லாரி நின்றது. வியாபாரி இறங்கி வந்து, கழுவிய கிழங்கு ஒன்றைக் கையில் எடுத்து, தோலில் இருந்த கறுப்புப் பொருக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தார் தெளித்த மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. மண்ணாக இருந்தால் கழுவினதில் போயிருக்கும். இது நோய்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே, இதைக் கொண்டுபோய் நான் யார் தலையில கட்டுறது?" என்றார் வியாபாரி. சார்ஷெனின் மனைவி பெர்மெத் ஊற்றிக் கொடுத்த தேநீரை மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, லாரியை அடுத்த ஊருக்கு விட்டார்.

எங்கள் நாட்டின் பெரிய ஏரிக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர்களுக்கு உருளைக்கிழங்கை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. கூட்டுப்பண்ணை கலைந்து நிலம் வீட்டுக்கு வீடு பங்கு பிரிந்த நாளிலிருந்து, அதே வயலில் வருஷா வருஷம் கிழங்கு போட்டுக் கிழங்கு எடுத்தோம். மண்ணுக்கு ஓய்வும் கொடுக்கவில்லை, பயிரையும் மாற்றவில்லை. விளைச்சல் குறைந்தால் உரம் கொட்டினோம். வெள்ளை வெளேரென்று குருணையாக இருக்கும் அந்த உரத்தை எங்கள் பக்கத்தில் வெறுமனே 'உப்பு' என்றுதான் சொல்வோம். உப்பு போட்டால் செடி கரும்பச்சையாக, புதர் புதராக எழுந்து நிற்கும். சாலையில் போகிறவன் பார்த்து வயிறெரிவான். அடியில் என்ன இருக்கிறது என்பதை எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம்.

சார்ஷெனுக்கு ஒரே மகன் உலான். ரஷ்யாவில் யெகாத்தெரின்பூர்க் நகரத்தில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்குகிறான். அவன் மனைவி ஜிபாராவும் சின்ன மகள் மீரிமும் ஊரில் சார்ஷெனோடு இருந்தார்கள். மீரிம் என்றால் சார்ஷெனுக்கு உயிர். காலையில் அவன் கோட்டை மாட்டியதும் அவள் ஓடிவந்து பைக்குள் கையை விட்டு உலர்ந்த ஆப்ரிகாட் பழம் தேடுவாள். பழம் இல்லாத பையோடு அவன் ஒருநாளும் வீட்டில் நடமாடியதில்லை.

லாரி திரும்பிப் போன சேதி உலானுக்கும் போயிற்று. அவன் தொலைபேசியில் கத்தவில்லை, குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை.

"இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்ப்பா. கிழங்கு சுத்தமா வந்து லாரிக்காரன் வாங்கிட்டான்னா, நான் அங்கயே வந்துடறேன், நம்ம மண்ணே போதும். இல்லன்னா இவங்க ரெண்டு பேரையும் இங்க கூட்டிக்கிறேன். என் பொண்ணு அப்பனைப் போன்லயே பாத்துட்டு வளர வேண்டாம்."

சார்ஷென் சரி என்றான். அன்றிலிருந்து அவனுக்கு உருளைக்கிழங்கு என்றால் மகன், கறுப்புப் பொருக்கு என்றால் காலியான வீடு.

வசந்தத்தில் நூர்சாதா வந்தாள். கரகோல் நகரத்தில் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை பார்க்கிற பெண். கதவு சரியாகச் சாத்தாத ஒரு பழைய காரில், பின்சீட்டு நிறைய பிளாஸ்டிக் கேன்களோடு வந்து இறங்கினாள். பள்ளிக்கூடக் கூடத்தில் ஊரைக் கூட்டி உட்கார வைத்துப் பேசினாள். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவற்றில் சில கிழங்கின் தோலைக் கெடுக்கின்றன, வேறு சில அந்தக் கெடுப்பவற்றை அண்டவிடாமல் வேரைச் சுற்றிக் காவல் இருக்கின்றன, ஒரே பயிரும் உப்புமாகப் போட்டு அந்த நல்லவற்றை நாம் விரட்டிவிட்டோம், இந்தக் கேனில் இருப்பவை அவைதான், விதைக்கிழங்கை இதில் நனைத்து நட்டால் அவை மறுபடி குடிவரும் என்றாள்.

கேனைத் திறந்ததும் புளித்த தானியக் கஞ்சி வாடை அடித்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சார்ஷெனின் பக்கத்து வயல்காரன் தூரோனுக்கு வாய் சும்மா இருக்காது. "ஊரெல்லாம் கிருமியைக் கொல்ல மருந்து விக்கறாங்க. இந்தப் பொண்ணு கிருமியையே கேன்ல அடைச்சுக் கொண்டாந்திருக்கு" என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. நூர்சாதாவும் சேர்ந்து சிரித்தாள், ஆனால் காது சிவந்துவிட்டது.

பெர்மெத்துக்கு மட்டும் சட்டென்று பிடிபட்டுவிட்டது. எங்கள் வீடுகளில் பாலுக்கு உறை ஊற்றாத நாள் உண்டா? பசும்பாலானாலும் குதிரைப் பாலானாலும் நேற்றைய உறையில் ஒரு கரண்டி விட்டுப் போர்த்தி வைத்தால் அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. அவள் எழுந்து கேட்டாள்.

"அப்ப இது மண்ணுக்கு உறை ஊத்துற மாதிரிதானே? ஊத்திட்டு ஆட்டாம அசைக்காம விடணும், அவ்வளவுதானே?"

"அதேதான் அக்கா. ஊத்திட்டு விட்டுடணும். இந்த வருஷம் உப்பு மட்டும் தொடவே கூடாது" என்றாள் நூர்சாதா. தனக்குச் சொல்ல வராததை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டாளே என்கிற சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது.

மனைவி எழுந்து பேசிவிட்ட பிறகு சார்ஷென் பின்வாங்கினால் நன்றாக இருக்காது. சோதனைக்கு அவன் வயல் என்று முடிவாயிற்று. நூர்சாதா ஒரு நிபந்தனை போட்டாள். வயலின் நடுவில் ஒரு பட்டையை மட்டும் உறை ஊற்றாமல் விட வேண்டும், அப்போதுதான் இரண்டையும் ஒப்பிட முடியும் என்றாள். பாதி தலை மழித்த மாதிரி இருக்குமே என்று சார்ஷெனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டான். சோதனை தேறினால் ஊரின் பழைய பொதுக் குளியலறையைச் செப்பனிட்டு, அங்கேயே இந்த உறையை வளர்க்கலாம் என்றும், அந்த வேலைக்கு ஜிபாராவைப் பழக்கலாம் என்றும் நூர்சாதா சொன்னாள். அதைக் கேட்ட நாளில் ஜிபாரா சமைக்கும்போது பாடிக்கொண்டிருந்தாள்.

கோடை வந்தது. சார்ஷெனின் செடிகள் முளைத்தன, கிளைத்தன. ஆனால் வெளிர்பச்சை. இத்தனை வருஷம் உப்பில் பழகிய கண்ணுக்கு அவை இளைத்துக் கிடப்பதாகத்தான் பட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் தூரோனின் வயல் கறுகறுவென்று நின்றது. தூரோன் தினமும் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, "உன் கிருமியெல்லாம் நோன்பு இருக்குதா சார்ஷென்? சாப்பிடச் சொல்லுப்பா" என்பான். சொல்லிவிட்டு அவன் மறந்துவிடுவான். சார்ஷென் இரவுச் சாப்பாட்டிலும் அதையே நினைத்துக்கொண்டிருப்பான்.

செடி பூ விடுகிற சமயத்தில் நூர்சாதா வந்து ஒரு செடியைத் தோண்டிக் காட்டினாள். வேர் வெள்ளையாக, நூல் கற்றையாகப் பரவியிருந்தது. அதில் கோழிமுட்டை அளவுக்குக் கிழங்குகள், தோலில் ஒரு புள்ளி இல்லை. நடுப்பட்டையில் தோண்டிய செடியின் அடித்தண்டில் அதற்குள் கறுப்பு ஏறியிருந்தது. மேலே பார்க்க வேண்டாம் அண்ணே, வேலை கீழே நடக்கிறது என்று அவள் சொன்னாள். சார்ஷென் தன் கண்ணாலேயே பார்த்தான், தன் கையாலேயே தொட்டான். இதை நான் இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தெரியாமல் கெட்டவன் என்று அவனை யாரும் சொல்லிவிடக் கூடாது.

அந்த வாரம் கிராமத் தலைவன் கபார்பெக் வயலுக்கு வந்தான். தலைநகரத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பெரிய மனிதர்கள் இந்தச் சோதனையைப் பார்க்க வரப்போகிறார்கள், ஆடு அடித்து விருந்து, குழந்தைகளை வைத்து நடனம், எல்லாம் ஏற்பாடாகிறது என்றான். பிறகு செடிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இதையா காட்டப்போற? நம்ம ஊர் முகத்துல கரியைப் பூசிடாத சார்ஷென்."

"கீழ நல்லா இருக்குது. அந்தப் பொண்ணு தோண்டியே காட்டுச்சு."

"வர்ற விருந்தாளி தோண்டியா பாக்கப்போறான்? மேலதான் பாப்பான், போட்டோ எடுப்பான், சாப்பிட்டுட்டுப் போவான்." கபார்பெக் குதிரையில் ஏறியவன், கடிவாளத்தை இழுத்து நிறுத்திவிட்டுச் சொன்னான்: "என் கொட்டகைக்குப் பூட்டு கிடையாது. உனக்குத் தெரியும்ல."

அந்தக் கொட்டகையில் உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஊருக்கே தெரியும்.

சார்ஷென் முதலில் போகவில்லை. ஒரு நாள் முழுக்க வரப்பில் உட்கார்ந்து யோசித்தான். விருந்தாளி வந்து நின்று இந்த வெளிர்ச் செடிகளைப் பார்த்து முகம் சுளிப்பதை நினைத்தான். ஊரே தன் பின்னால் நின்று தலை குனிவதை நினைத்தான். எங்கள் ஆட்கள் பசியைத் தாங்குவார்கள், குளிரைத் தாங்குவார்கள், விருந்தாளி முன்னால் குறைபட்டு நிற்பதை மட்டும் தாங்கவே மாட்டார்கள். வீட்டில் ஒற்றை ஆடு இருந்தால் அதையும் வெட்டிப் போட்டுவிட்டு, நிறைய இருப்பது போலச் சிரிப்போம். அந்தச் சிரிப்பை இவன் மண்ணிலும் போட நினைத்தான்.

வாய்க்கால் தண்ணீர் அவன் முறைக்கு வந்த மத்தியானம், கபார்பெக்கின் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த உப்பைக் கரைத்துச் சால்களில் விட்டான். உறை ஊற்றிய வரிசைகளுக்கு மட்டும் விட்டான். நடுப்பட்டையை விட்டுவிட்டான். வித்தியாசம் எடுப்பாகத் தெரிய வேண்டும் அல்லவா. கடைக்கோடியில், காற்றுத் தடுப்பு மரங்களுக்குக் கீழே இருந்த சில வரிசைகளுக்குத் தண்ணீர் போய்ச் சேருவதற்குள் முறை முடிந்துவிட்டது. மேல்வயல்காரன் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டான். போகட்டும், அவ்வளவு தூரம் யார் நடந்துபோய்ப் பார்க்கப்போகிறார்கள் என்று சார்ஷென் விட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது அவன் பூட்சில் வெள்ளையாகப் படிந்திருந்தது. பெர்மெத் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது.

"உறை ஊத்தின பாலை அடுப்புல ஏத்திட்டியேய்யா" என்றாள். புருஷனை வெளியில் காட்டிக்கொடுப்பதா என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். வெட்கம் அந்த வீட்டில் ஒருவரோடு நிற்கவில்லை.

விருந்தாளிகள் வந்தார்கள். செடிகள் கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றன, நடுப்பட்டை சோனியாகக் கிடந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வியந்து படம் எடுத்தார்கள். முதன்மை விருந்தாளிக்கு எங்கள் வழக்கப்படி மரியாதையாக ஆட்டுத்தலையை வைத்துக் கொடுத்தார்கள், தோளில் அங்கி போர்த்தினார்கள். கபார்பெக் பேசப் பேசக் கைதட்டினார்கள். நூர்சாதா மட்டும் ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று இவ்வளவு கறுத்திருக்கிறதே என்று மெல்லக் கேட்டாள். தண்ணீர் இந்த முறை தாராளமாகக் கிடைத்தது என்றான் சார்ஷென். அது முதல் பொய். சொல்வதற்கு ரொம்பச் சுலபமாக இருந்தது.

ஜிபாரா அந்த வயலில் மீரிமை நிறுத்திப் படம் எடுத்து உலானுக்கு அனுப்பினாள். செடி மீரிமின் கழுத்துவரை நின்றது. அடுத்த வசந்தத்தில் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று உலான் அன்றைக்கே சொல்லிவிட்டான். சார்ஷென் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மண்ணுக்கு விருந்தாளியும் தெரியாது, தலைவனும் தெரியாது. இலையுதிர் காலத்தில் முதல் பனி விழும்போது சுற்று வட்டாரமெல்லாம் செடி காய்ந்து கிழங்கு முற்றிவிட்டது. பூ விட்ட பிறகு உப்பு குடித்த சார்ஷெனின் செடி மட்டும் பச்சையாக நின்று பனியில் வெந்துபோனது. தோண்டினால் கிழங்கு பெரிது பெரிதாக வந்தது. ஆனால் தோல் முற்றவில்லை, விரல் பட்டாலே உரிந்தது. சிலவற்றை வெட்டிப் பார்த்தால் நடுவில் பொந்து. உஸ்பெக் வியாபாரி வந்து, கிழங்கில் ஊசி குத்தி உர அளவு பார்க்கிற சின்னக் கருவியை எடுத்துக் குத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வேறொன்றில் குத்தினார். அதிலும் எரிந்தது. இந்த முறை அவர் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வசந்தத்தில் வேறு யாராவது வாங்குவார்கள் என்று எல்லாவற்றையும் சேமிப்புக் குழியில் கொட்டி வைக்கோலும் மண்ணும் போட்டு மூடினார்கள். கடைக்கோடி வரிசைகளைப் பெர்மெத் தனியாகத் தோண்டியிருந்தாள். அந்தக் கிழங்கு அளவில் சின்னது. சின்னதை விதைக்கு ஒதுக்குவதுதான் எங்கள் வழக்கம் என்பதால், பார்க்காமலே சாக்கில் கட்டி வீட்டின் தரைக்கடியில் இருக்கிற நிலவறையில் போட்டுவிட்டாள்.

நடுக்குளிர்காலத்தில் குழி நாற ஆரம்பித்தது. மூடியை எடுத்தபோது மேலே இருந்த கிழங்குகள் கூழாகக் கிடந்தன. கீழே போகப் போக இன்னும் மோசம். வாளி வாளியாக அள்ளித் தெருவோரப் பனியில் கொட்டினார்கள். நாற்றம் ஊர் முழுக்கப் பரவியது, அதைவிட வேகமாகப் பேச்சு பரவியது. அந்தப் பெண் கொண்டுவந்த கிருமிதான் கிழங்கை அழுக வைத்தது என்று முதலில் சொன்னவன் கபார்பெக். அவனுக்குத் தன் கொட்டகையைப் பற்றி யாரும் யோசிக்காமல் இருக்க வேண்டும். மற்றவர்களுக்குக் காரணம் ஒன்று கிடைத்தால் போதும்.

சேதி கேட்டு நூர்சாதா அந்தக் குளிரில் வந்துவிட்டாள். குழியருகில் கபார்பெக், தூரோன், இன்னும் பத்துப்பேர் நின்றார்கள். அவள் அழுகிய கிழங்கைக் கையில் எடுத்துப் பிசைந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு எல்லார் முன்னாலும் சார்ஷெனிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உப்பு போட்டீங்களா?"

சார்ஷென் கபார்பெக்கைப் பார்த்தான். கபார்பெக் தன் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"இல்ல" என்றான் சார்ஷென்.

"கோவமில்லண்ணே, கொஞ்சமா போட்டிருந்தாலும் சொல்லுங்க. நான் ஆபீஸ்ல சொல்லிக்கறேன், தப்பு எங்க நடந்துதுன்னு தெரிஞ்சா வேலை நிக்காது."

"அதான் இல்லன்னு சொல்றேன்ல."

நூர்சாதா பெர்மெத்தைப் பார்த்தாள். மண்ணுக்கு உறை என்று அன்றைக்குச் சொன்ன அதே பெர்மெத். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு குழிப் பக்கம் திரும்பிவிட்டாள். நூர்சாதா சாத்தாத அந்தக் கார் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட்டிப் போனாள்.

அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள். அவள் தலைநகரத்தில் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பதாகப் பிற்பாடு யாரோ சொன்னார்கள். உறை வளர்ப்பதாக இருந்த பழைய குளியலறையில் கபார்பெக்கின் மைத்துனன் பில்லியர்ட்ஸ் மேஜை போட்டான். வேலையில்லாத பையன்கள் அங்கே இப்போதும் குடித்துக்கொண்டு விளையாடுகிறார்கள்.

உலான் கூப்பிட்டான். குரலில் நம்பிக்கை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"அப்பா, நீங்களே சொல்லுங்க. அந்தக் கிருமியாலதான் அழுகிச்சா? வேற ஏதாவது தப்பு நடந்துதுன்னா சொல்லுங்க, நான் வந்து சரியாப் பண்றேன்."

ஒரு வார்த்தை போதும். உப்பைக் கொட்டியது நான்தான், மண் நல்ல மண் என்று சொல்லியிருந்தால் அவன் வந்திருப்பான். ஆனால் ஊர் முன்னால் இல்லை என்று சொன்னவன் மகனிடம் எப்படி ஆமாம் என்பான்? மகன் மருமகளிடம் சொல்வான், மருமகள் அவள் அம்மாவிடம் சொல்வாள்.

"அப்படித்தான் போலிருக்குப்பா" என்றான் சார்ஷென்.

"அப்ப நம்ம மண்ணு அவ்வளவுதான்" என்றான் உலான்.

பனி உருகுவதற்கு முன்பே ஜிபாராவும் மீரிமும் கிளம்பினார்கள். ஜிபாரா மாமனாரின் முகத்தைப் பார்த்து அழுதாள், ஏனென்றால் அவளுக்கு அவன்மேல் பரிதாபம். அந்தப் பரிதாபத்தைத் தாங்க முடியாமல் சார்ஷென் சாமான் ஏற்றுவதுபோல வண்டிக்குப் பின்னால் போய் நின்றான். மீரிம் தேடிக்கொண்டு வந்து அவன் கோட்டுப் பையைக் காலி செய்தாள். தாத்தா நாளைக்குப் பழம் வாங்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள்.

விதைக்கிழங்கை வெளியே எடுத்து முளைக்க விடுகிற நாள் வந்ததும் பெர்மெத் நிலவறையில் இறங்கினாள். சாக்கைத் தொடவே அவளுக்குப் பயம். அதுவும் கூழாகத்தான் இருக்கும் என்று மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அவிழ்த்தாள். பிறகு துணியை அவிழ்த்துவிட்டாள். சாக்கை மேலே இழுத்து வந்து, அடுப்பங்கரைத் தரையில் சார்ஷென் காலடியில் கொட்டினாள்.

கிழங்குகள் கல்லுக் கல்லாக உருண்டன. இறுகிய தோல், மஞ்சள் நிறம். எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரு புள்ளி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. உப்புத் தண்ணீர் போய்ச் சேராத கடைக்கோடி வரிசைகள். உறையை மட்டும் வாங்கிக்கொண்டு, யாரும் தொடாமல், மரத்தடியில் தன் போக்கில் விளைந்தவை. சார்ஷென் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினான். சுரண்டிக்கொண்டே இருந்தான். கறுப்பாக ஏதாவது வந்துவிடாதா என்று அவன் ஏங்கியது பெர்மெத்துக்குத் தெரிந்தது. ஒன்றும் வரவில்லை.

"எல்லாமே இப்படித்தான் வந்திருக்கும்" என்றாள் பெர்மெத். "நீ கை வைக்காம இருந்திருந்தா. நான் வாயைத் திறந்திருந்தா."

அவன் அப்போதே மகனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கம் கிடங்கில் யாரோ யாரையோ அதட்டுகிற சத்தம் கேட்டது. கடைசியில் உலான், இங்கே வீடு எடுத்தாகிவிட்டது, ஜிபாராவும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், மீரிம் ரஷ்ய மொழியில் பேச ஆரம்பித்துவிட்டாள் என்றான். "அன்னைக்குச் சொல்லியிருக்கலாமேப்பா" என்றான். வைத்துவிட்டான். சார்ஷென் தலைநகரத்து மருந்துக் கடைகளில் நூர்சாதாவைத் தேடச் சொல்லி ஆளனுப்பினான். எந்தக் கடை என்று யாருக்கும் தெரியவில்லை.

வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் பண்டிகை வந்தது. ஊர் மைதானத்தில் பெரிய கொப்பரையில் முளைகட்டிய கோதுமைக் கூழ் கொதித்தது. நீளமாக விரிப்பு விரித்து, பொரித்த ரொட்டியும் ஜாமுமாகப் பரப்பியிருந்தார்கள். இந்த வருஷமும் விருந்தாளிகள் உண்டு. சாலை போடுவதைப் பற்றிப் பேச வந்த வேறு வெளிநாட்டுக்காரர்கள், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளன். கபார்பெக் பேசி முடித்ததும் சார்ஷென் எழுந்தான். மடியில் கட்டிக்கொண்டு வந்த கிழங்குகளை ரொட்டிகளுக்கு நடுவில் கொட்டினான்.

"இது என் வயல்ல விளைஞ்சது. அந்தப் பொண்ணு நூர்சாதா கொடுத்த உறையில விளைஞ்சது. அழுகினதெல்லாம் நான் உப்பு கொட்டின கிழங்கு. கிருமி அழுக வைக்கல, நான்தான் அழுக வச்சேன். விருந்தாளிங்க கண்ணுக்கு அழகாத் தெரியணும்னு கொட்டினேன். உப்பு போட்டியான்னு அவ கேட்டப்ப எல்லார் முன்னாடியும் இல்லன்னு பொய் சொன்னேன்."

யாரும் ஒரு கிழங்கைக்கூடத் தொடவில்லை. எல்லாருடைய முகத்திலும் தெரிந்தது கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. விருந்தாளிகள் இருக்கும்போது இப்படிப் பேசுகிறானே என்கிற வெட்கம். கபார்பெக் அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, உட்கார் என்றான். வெளிநாட்டுக்காரர்களில் மூத்தவர் மொழிபெயர்ப்பாளன் பக்கம் சாய்ந்து, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளன் கபார்பெக்கைப் பார்த்தான். கபார்பெக் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான்.

"நம்ம மண்ணுல விளைஞ்சதை உங்களுக்குக் காணிக்கையாக் கொடுக்கறாரு. வந்ததுக்கு நன்றி சொல்றாரு."

மூத்தவர் எழுந்து நின்று கைதட்டினார். அவரோடு வந்தவர்கள் தட்டினார்கள். விருந்தாளி தட்டும்போது சும்மா இருந்தால் மரியாதை இல்லையே என்று ஊரும் தட்டியது. சார்ஷென் நடுவில் நின்றான்.

அவன் மைதானத்தை விட்டு வெளியே நடந்தபோது தூரோன் பின்னாலேயே ஓடிவந்தான். கேலிக்கு அவனிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. விரிப்பிலிருந்து எடுத்த ஒரு கிழங்கு கையில் இருந்தது.

"எதுக்குப்பா இப்படி மானத்தை வாங்கிக்கிட்ட? சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னு இருந்துதான், தூரோன், என் வீடு காலியாச்சு" என்றான் சார்ஷென். "ஊர் என்ன சொல்லும், விருந்தாளி என்ன நினைப்பான்னு பொய் சொன்னா, விருந்தாளி சாயங்காலம் கிளம்பிப் போயிடுவான். அந்தப் பொய் மேலதான் நாம காலம்பூரா விதைக்கணும், அதுலேர்ந்து வர்றதைத்தான் நம்ம பிள்ளைங்க திங்கணும்."

சொல்லிவிட்டு நடந்தான். வழக்கம்போலக் கை கோட்டுப் பைக்குள் போயிற்று. பை நிறையப் பழம் இருந்தது.